பதினோராவது கேள்வி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் மூவரும் சுகம். அத்தானுக்கு முதுகுவலி மட்டும் அழையாத விருந்தாளி போல வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்ற மூன்றே சொற்களில் காலம் தள்ளுகிறாய். இன்னொரு காரணமும் உண்டு. அலுவலகத்தில் அச்சடித்த கடிதங்களையே பார்த்துப் பார்த்து, கோவையாக நாலு வரி எழுத எனக்கு மறந்துபோயிற்று. தினமும் ஒரு பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் உன் தலையில் விடியட்டும்.

ஆமாம், மேலாண்மைப் படிப்பில் இரண்டாம் வருடம் வந்துவிட்டேன். இந்தப் பருவத்தில் ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம். ஓர் ஆய்வைச் செய்து, எழுதி, நேரில் நின்று பதிலும் சொல்ல வேண்டும். வகுப்பில் முப்பத்திரண்டு பேர், நான்தான் மூத்தவள். ஆசிரியை என்னைவிட ஒன்பது வயது சின்னவர். வகுப்பில் என்னை மேடம் என்பார். மாடிப்படியில் பார்த்தால் "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்பார்.

முதல் நாளே தலைப்பு கேட்டார். நான் எழுந்து, "தொழிலாளர் மனநிறைவு" என்றேன். "அது கடல். உங்களால ஒரு குடம்தான் தூக்க முடியும். எந்தக் குடம்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் தையல் ஆலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் விட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? இதுதான் என் குடம்.

ஆளெடுப்புப் பிரிவில் பதினேழு வருடம் ஆகிறது எனக்கு. விட்டுப் போனவர்களின் கோப்பில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாக் கோப்பிலும் "சொந்தக் காரணம்" என்றே இருக்கிறது. அதைத் தட்டியதெல்லாம் நான்தான். ஒருவரையும் கேட்டதில்லை.

இந்தப் பட்டம் கைக்கு வந்தால் பிரிவு மேலாளர் பதவிக்கு என் பெயரும் போகும். உன்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். என்னைப் பற்றி நீயும் சொல்லித் திரிய ஒரு காலம் வரட்டும்.

ஒரு பக்கமாவது பதில் போடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். அத்தானைக் கட்டாந்தரையில் படுக்கச் சொல். விருந்தாளி தானாகப் போய்விடுவார்.

உன் எழுத்து முன்பு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இப்போது எறும்புக்கே கண் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணாடியை மாற்று.

இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். கிடங்கில் சரக்கு வருகிறது, போகிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இனிமேல் உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கு எழுது. பழைய அறையில் சுவர் ஈரம். அதனால் மாறிவிட்டேன். சின்ன அறைதான், ஆனால் வெயில் வருகிறது.

நீ மேலாளர் ஆனால் நான் தெரு முழுக்க என்ன, ஊர் முழுக்கவே சொல்வேன். நன்றாகப் படி.

அன்புடன்,
தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன், உன் கிண்டல் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வெயில் வருகிற அறை கிடைத்ததில் சந்தோஷம். தண்ணீர் வசதி எப்படி?

கேள்விப் படிவம் தயாரிப்பது இவ்வளவு பெரிய வித்தை என்று எனக்குத் தெரியாது. "சம்பளமும் மேலாளர் உங்களை நடத்திய விதமும் திருப்தியா?" என்று ஒரு கேள்வி எழுதியிருந்தேன். ஆசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "இது ரெண்டு கேள்வி. உங்க வீட்டுக்காரரும் மாமியாரும் நல்லவங்களான்னு யாராவது கேட்டா ஒரே வார்த்தையில பதில் சொல்வீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன். இதை அத்தானிடம் சொல்லிவிடாதே.

கடைசியில் பதினான்கு கேள்விகள் தேறின. உண்மையான ஆட்களிடம் கொண்டுபோகும் முன் வேறு பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். எந்தக் கேள்வி புரியவில்லை, எது உறுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒன்பது பேரைப் பிடித்துவிட்டேன். பத்தாவது ஆள் நீ. உன் கிடங்கும் கிட்டத்தட்ட எங்கள் ஆலை மாதிரிதானே. பெயர் எழுத வேண்டாம். மனதில் பட்டதை எழுது. அக்கா பார்ப்பாளே என்று நினைக்காதே. பத்தில் ஒன்றாகத்தான் பார்ப்பேன்.

படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குத் திட்டாதே, வேலை அதிகம்.

படிவம் உள்ளே இருக்கிறது. ஆறாவது கேள்வியில் "எப்போதாவது" என்பதற்கும் "சில சமயம்" என்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றை எடுத்துவிடு. பதினோராவது கேள்வி புரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சரி.

கீழ்வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. என்னைத் தவிர எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது. நல்ல நாய்.

குட்டி நன்றாகப் படிக்கிறாளா?

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். குட்டிக்குக் கணக்கில் முதல் இடம். என்னிடமிருந்து வந்ததல்ல, அத்தான் பக்கம்.

பதினோராவது கேள்வி என்ன என்பது எனக்கு மனப்பாடம். "இந்த வேலையை விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றிய ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது?" மற்ற ஒன்பது பேரும் அதற்குத்தான் மளமளவென்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். உனக்கு மட்டும் புரியவில்லை.

தாளைத் திருப்பினால் தடம் தெரிகிறது. நாலு வரி அழுத்தி எழுதி அழித்திருக்கிறாய். படிக்க முயலவில்லை என்றால் அது பொய். முயன்றேன், படிக்க முடியவில்லை. காலியாக விட்ட கட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் எண்ணுங்கள் என்று ஆசிரியை சொல்வார். நான் எண்ணிவிட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்.

என் பாடு பெரும்பாடாக இருக்கிறது. விட்டுப் போன நூற்றைம்பது பேரிடம் படிவம் வாங்க வேண்டும். கோப்பில் இருக்கிற போன் எண்ணில் பாதி வேறு யாருக்கோ போகிறது. வீடு தேடிப் போனால் காலி செய்து வருடக்கணக்காகிறது. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி அலைந்து அறுபத்தொன்று சேர்த்திருக்கிறேன். செப்டம்பர் கடைசிக்குள் அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். வகுப்பில் சிலர் கேன்டீனில் உட்கார்ந்து நாலு நிறப் பேனாவை வைத்துக்கொண்டு தாங்களே எழுதித் தீர்க்கிறார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் பத்துத் தொழிலாளர்கள் பிறந்துவிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? காய்ச்சல் ஏதாவது? போன் செய்தால் மூன்று நாளாக மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் நலம். நூற்றைம்பது படிவமும் சேர்ந்துவிட்டது. அட்டவணையைக் கொடுத்துவிட்டேன். ஆசிரியைக்கு மிகவும் பிடித்துப் போய், வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். ஜனவரியில் மேலாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

வேறு செய்தி இல்லை. பதில் போடு.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். அத்தான், குட்டி நலமா?

வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது, அக்கா.

இதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், மூன்று மணி இருக்கும். எங்கள் கிடங்கில் ஒருவர் இருந்தார். சரக்கு அடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நின்ற இடத்தில் ஒரு பெரிய இரும்பு ரேக்கின் கால் வளைந்திருந்தது. வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று நானே பராமரிப்புப் பதிவேட்டில் இரண்டு முறை எழுதி வைத்திருந்தேன். யாரும் மாற்றவில்லை. அன்றைக்கு அது சாய்ந்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மீதி விரல்களும் மடங்காது.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். "அவர் ரேக் மேல ஏறினார்னு எழுதுங்க. ஏறக் கூடாதுன்னு விதி இருக்கு. கம்பெனிக்குப் பிரச்சனை வராது, உங்களுக்கும் வராது" என்றார். அவர் ஏறவில்லை, அக்கா. தரையில்தான் நின்றார், நான் பத்தடி தள்ளி இருந்தேன். ஆனால் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீ சொல்வாயே, அதே கையெழுத்தில் எழுதினேன். அந்த ஒரு தாளை வைத்து அவருக்கு நஷ்டஈடு கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் வேலைக்குப் போனேன். அந்த இடத்தைத் தாண்டி நடக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டேன். என் கோப்பிலும் யாரோ "சொந்தக் காரணம்" என்று தட்டியிருப்பார்கள்.

இப்போது ஒரு சலவை நிலையத்தில் ஓட்டல்களுக்குப் போகும் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். மேற்பார்வை இல்லை, கையெழுத்தும் இல்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரு முழுக்கத் தலைகுனிவு ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பதினோராவது கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது.

தம்பி


அக்டோபர் 26

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ முதலில் வயிறாரச் சாப்பிடு. தெருவை விடு, தெருவுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது. அத்தான் வாசனை பிடித்து ஓடி வந்தார். அவரிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, "தனியா எவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

உன்னைக் கண்டிக்க எனக்கு வாயில்லை. என் நூற்றைம்பது படிவத்தில் எண்பத்தொன்பது என் கையால் எழுதியது.

கேன்டீன் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு கேலியாக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் குட்டியின் பேனாக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சாய்த்து எழுதினேன், குண்டாக எழுதினேன், இடது கையால்கூட எழுதினேன். குட்டி வந்து, "என்னம்மா பண்றே?" என்று கேட்டாள். "நகல் எடுக்கிறேன்" என்றேன். நானும் உதவுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக் கொடுத்தாள்.

அட்டவணை கண்ணாடி போல வந்தது. அசல் ஆட்கள் முன்னுக்குப் பின் முரணாக எழுதுகிறார்கள். என் ஆட்கள் எல்லோரும் நான் நினைத்ததையே நினைத்தார்கள். அதைத்தான் ஆசிரியை வகுப்பில் காட்டிப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நீ ஏழு மாதம் கழித்தாவது எழுதினாய். நான் ஆசிரியையிடம் போய்ச் சொல்லப் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

பாட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? போய்ப் பார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிற தகுதியும் எனக்கு இப்போது இல்லை. ஆனால் போவதானால் எனக்கு ஒரு வரி எழுது. வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

உன் அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னைப் பற்றித்தான் கவலை. அத்தானைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

போனேன். ஊரின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளியாக இருக்கிறார். வீடு அதன் பின்னால் ஒரே அறை. முதல் முறை அவர் மனைவி கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை அவரே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை, படியில் உட்கார்ந்தோம்.

என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அவர்தான் முதலில் பேசினார். "நீங்க எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் ஏறினேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டு மாசம் அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றார்.

இதற்கு என்ன சொல்வாய், அக்கா? "நீங்க ஏறலை. நான் பார்த்தேன்" என்றேன். பிறகு, "இதைத் தொழிலாளர் ஆபீஸ்ல வந்து சொல்வீங்களா?" என்று கேட்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் அறிக்கை எழுதியவன் நான்தான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். எனக்கும் ஏதாவது வரலாம் என்று அங்கிருந்த எழுத்தர் எச்சரித்தார். வரட்டும். விசாரணை ஜனவரி 18.

அவர் இப்போது பாடுவதில்லை.

தம்பி


டிசம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். அத்தானின் முதுகு கொஞ்சம் தேவலை. நீ போனதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நானும் சொல்லிவிட்டேன். ஆசிரியை கதவைச் சாத்தச் சொன்னார். எத்தனை என்று கேட்டார். சொன்னேன். "நான் அதைக் காட்டித்தான் மத்தவங்களுக்குப் பாடம் நடத்தினேன், அக்கா" என்றார். அந்த அறையில் அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகு அவரே என்னைத் துறைத் தலைவரிடம் அழைத்துப் போனார். இந்தப் பருவத்து ஆய்வு ரத்து. அடுத்த பருவம் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் பட்டம் தள்ளிப்போகிறது. மேலாளர் பதவி எனக்குக் கீழே மூன்று வருடம் வேலை பார்த்த ஒருவருக்குப் போகும் போலிருக்கிறது. குட்டியிடமும் உண்மையைச் சொன்னேன். துறைத் தலைவரைவிட அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் தன் பேனாக்களை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது ஆசிரியை சொன்னபடி அந்த அறுபத்தொரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களில் பதினான்கு பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண், கழிவறைக்குப் போக நாற்பது பேர் முன்னால் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டியிருந்ததால் நின்றுவிட்டாளாம். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. இன்னொருத்தி என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "நான் வேலையை விட்டப்போ ஆபீஸ் நாற்காலியிலதானே இருந்தீங்க, அன்னைக்கே கேட்டிருக்கலாமே?" என்றாள். கேட்டிருக்கலாம். அதையும் ஆய்வில் எழுதப்போகிறேன்.

உன் விசாரணைக்கு வர ஜனவரி பதினேழாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் தூங்கினாயா? நீ போன பிறகு அறை ரொம்பப் பெரிதாகிவிட்டது. கீழ்வீட்டு நாய் உன்னைத் தேடுகிறது.

விசாரணையில் நடந்ததை நீ கண்ணால் பார்த்தாய். வேலையை விட்ட கோபத்தில் சொல்கிறேன் என்று கம்பெனி ஆள் சொன்னபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ பின்பெஞ்சிலிருந்து இருமினாயே, அது வேண்டுமென்றேதானே? அதன் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. பதிவேட்டில் பக்க எண் அச்சடித்திருந்தது நம் நல்ல நேரம். கிழிக்க முடியாமல் நான் எழுதிய இரண்டு குறிப்பும் அப்படியே இருந்தன.

நீ கிளம்பிய மறுநாள் எழுத்து மூலமாக முடிவு வந்தது. பழைய அறிக்கை செல்லாது. பாட்டுக்காரரின் நஷ்டஈட்டு வழக்கைப் புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்காக என்னைக் கண்டித்து ஒரு கடிதம் தனியாக வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி அவர் தரப்பில் நடந்ததை விளக்கிப் புதிய மனு கொடுக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவர் மனைவி சலவை நிலையத்துக்கே வந்தார். முதல் முறை கதவைச் சாத்தினாரே, அவர்தான். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. விரிப்புகளை மடித்து முடிக்கும் வரை வாசலில் காத்திருந்தார். பிறகு பையிலிருந்து நாலு வெள்ளைத் தாள் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அவருக்குக் கை வராது. எனக்கு எழுத வராது. நீங்கதான் எழுதணும்" என்றார். "இந்தத் தடவை நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்."

சலவை மேசையிலேயே உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. முடித்ததும் முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். பழக்கதோஷத்தில் "விபத்து நேர்ந்தது" என்று எழுதியிருந்தேன்.

"நேர்ந்ததுன்னு வேணாம். ரேக்கு சாஞ்சு அவர் கை மேல விழுந்துச்சுன்னு எழுதுங்க" என்றார்.

அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன்.

அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

தம்பி